விலையோ? வரியோ?

வணிகம் என்பது மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாத தொழில்களுள் ஒன்று. உழவன் விளைத்ததையும் தச்சன் செய்ததையும் புலவன் எழுதியதையும் வேண்டுவோர் கையிற் கொண்டு சேர்ப்பது அதுவே. விற்பாரும் வாங்குவாரும் கூடுதற்கு ஓரிடம் வேண்டும். அவ்விடத்தை அமைத்துக் காப்பவனுக்கு ஓர் ஊதியமும் வேண்டும். இவ்வளவில் ஒருவரும் மாறுபடார். ஆயின், இடம் அமைத்தவன் எவ்வளவு கேட்கலாம், எவ்வெவ் விதிகளை விதிக்கலாம், அவன் உரிமை எந்த எல்லையில் நிற்றல் வேண்டும் என்னும் வினாக்களிலேதான் உலகம் இன்று இருவேறு கட்சியாய்ப் பிரிந்து வழக்காடுகின்றது.

இக்காலத்துப் பெருஞ்சந்தை ஒன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றது. திறன்பேசியில் நாம் வழங்கும் செயலிகள் அனைத்தும் பெரும்பாலும் இரண்டே வாயில்களின் வழியாக வருகின்றன. ஐபோன் உடையார்க்கு ஆப்பிள் நிறுவனத்தின் ஆப் ஸ்டோர்; ஆண்ட்ராய்டு உடையார்க்குக் கூகுள் நிறுவனத்தின் பிளே ஸ்டோர். இவ்விரு செயலி அங்காடிகளும் விதித்திருக்கும் விதிகளும் கொள்ளும் தரகும் நேர்மையான போட்டியைக் கெடுப்பனவோ அல்லவோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சியில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். வேலை உண்டு. நூல்களும் இதழ்களும் இசையும் கைப்பேசிவழியே மக்களை அடையும் காலம் இது; அவற்றின் வாயிலைக் காப்பவர் யார், அவர் என்ன கேட்கின்றார் என்பது எழுத்தாளர்க்கும் படிப்பார்க்கும் உரிய கவலையாகும். நம்மோடு ஒரே விடுதியில் உண்டு உறங்கும் கணினித்துறை நண்பர் பலர் நாளை செயலி செய்தே பிழைக்க எண்ணியிருக்கின்றனர். அன்றியும், இவ்வழக்கு முழுவதும் இரு சொற்களின் பொருள் வேறுபாட்டைப் பற்றியே நிற்பது என்பது எம் கருத்து. விலை என்பது ஒன்று. வரி என்பது மற்றொன்று. சொற்பொருள் வேறுபாடு காண்பது தமிழ் மாணவர் தொழிலன்றோ?

விலையாவது, கொடுக்க மனமில்லாதவன் கொடாது விலகிப்போதற்கு இடனுள்ள பொருள். வரியாவது, விலகிப்போதற்கு வழியின்றிக் கொடுக்கப்படுவது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே சோழனுடைய அலுவலர் பண்டங்களுக்கு உல்கு கொண்டு, புலிச்சின்னம் பதித்துக் காத்த செய்தியைப் பட்டினப்பாலையிற் கற்கின்றோம். அவ்வுல்கு விலையன்று, வரியே. ஆயினும் அதனைக் கொண்டவன் நாடாளும் அரசன். துறையையும் நெறியையும் காக்கும் கடமை பூண்டவன். குடிகள் தம் குறையை முறையிட்டுக்கொள்ள ஓர் அவை உடையவன். முதற் குலோத்துங்கன் சுங்கத்தை நீக்கியதனாற் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றான். இப்பெயரிலிருந்து நாம் அறிவது, சுங்கத்தின் சுமையை அக்கால மக்கள் எவ்வளவு நன்றாக உணர்ந்திருந்தனர் என்பதே. வரி விதிப்பவன் எவனாயினும், அவன் கேட்பார்க்கு விடை சொல்லக் கடமைப்பட்டவனாதல் வேண்டும். இதனை மனத்தில் வைத்துக்கொண்டு அங்காடிகளின் வரலாற்றை நோக்குவோம்.

ஐபோன் 2007-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு, 2008 ஜூலை 10-ஆம் நாள், ஏறத்தாழ 500 செயலிகளோடு ஆப் ஸ்டோர் திறக்கப்பெற்றது. செயலியை விற்று வரும் பணத்தில் நூற்றுக்கு 70 செய்தவனுக்கு, 30 ஆப்பிளுக்கு என்று அன்று வகுத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் கூகுளும் தன் அங்காடியைத் திறந்தது. 2012-இல் அதற்குப் பிளே ஸ்டோர் என்று பெயர் மாற்றியது. அங்கும் 30 என்னும் எண்ணே நிலைபெற்றது.

அக்காலத்தில் இஃது ஒரு நற்செய்தியாகவே இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று. அதற்கு முன் ஒரு மென்பொருளை விற்க விரும்பியவன் அதனைத் தட்டில் பதித்து, பெட்டியில் அடைத்து, கடைகளுக்கு அனுப்பி, கடைக்காரர் தயவை நாடி நிற்க வேண்டும். செயலி அங்காடி வந்தபின், சிற்றூரில் இருக்கும் ஓர் இளைஞனும் தன் ஆக்கத்தை ஒரே நாளில் உலகின் பல நாடுகளுக்கு அனுப்ப முடிந்தது. கூகுளுக்கு ஒருமுறை 25 டாலரும் ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலரும் செலுத்தினால் போதும். இடம், பணவசூல், பாதுகாப்பு யாவும் அவர்களே பார்த்துக்கொள்வர். இந்நன்மையை யாம் மறுக்கவில்லை.

குறை எண்ணில் மட்டும் இல்லை. எண்ணைச் சூழ்ந்து நிற்கும் விதிகளில் இருக்கின்றது. அவ்விதிகள் பல, அவற்றுள் மூன்றே தலையாயவை. முதலாவது, வாயில் ஒன்றே என்பது. ஐபோனில் ஆப் ஸ்டோர் வழியாகவன்றி வேறு வழியிற் செயலியைப் புகுத்த ஆப்பிள் இசைவதில்லை. ஐரோப்பா போலச் சட்டம் வற்புறுத்திய இடங்களிலேயே அது விலக்கு அளித்தது. ஆண்ட்ராய்டு வேறு வழிகளை முற்றும் அடைக்கவில்லையாயினும், அவ்வழியிற் செல்வாரை அச்சுறுத்தும் எச்சரிக்கைகளை நிரலாக நிறுத்தியிருக்கின்றது. இரண்டாவது, பணப்பெட்டியும் ஒன்றே என்பது. செயலிக்குள் விற்கப்படும் நூல், இசை, ஆட்டம், சந்தா முதலிய மின்பொருள்களுக்கு அங்காடிக்காரர் தம் கல்லாவிலேயே பணம் செலுத்தப்பெற வேண்டும். மூன்றாவது, வாய்திறவாமை. வேறிடத்தில் இதே பொருள் விலை குறைவாகக் கிடைக்கும் என்று செயலிக்குள் வாடிக்கைக்காரனிடம் சொல்லுதலும் கூடாது. அவ்விடத்திற்கு வழிகாட்டுதலும் கூடாது.

முதலிரண்டு விதிகளுக்கும் ஏதேனும் காரணம் காட்டலாம். மூன்றாவதற்கு என்ன காரணம் காட்டுவர்? ஒரு புத்தகக் கடையை எண்ணிப் பாருங்கள். கடைக்காரரும் நூலின் விலையில் நூற்றுக்கு 30 அல்லது அதன்மேலும் கழிவு கொள்கின்றார். அதனை ஒருவரும் கொள்ளை என்று சொல்வதில்லை. ஏன் எனின், அக்கழிவை விரும்பாத பதிப்பாளர் வேறு கடைக்குப் போகலாம், சென்னைப் புத்தகக் காட்சியில் தாமே கடை விரித்து விற்கலாம், அஞ்சலில் அனுப்பலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, நூலின் முதற்பக்கங்களில் தம் முகவரியை அச்சிட்டு வைத்திருக்கின்றார். எந்தக் கடைக்காரரும் அம்முகவரியை மை பூசி அழித்தபின்னரே நூலைத் தட்டில் வைப்பேன் என்று சொன்னதில்லை. செயலி அங்காடிகள் செய்தது அதுவே.

இது கற்பனையன்று. 2011-ஆம் ஆண்டு ஆப்பிள் தன் விதிகளை இறுக்கியபோது, அமேசான் நிறுவனம் ஐபோனிலுள்ள தன் கிண்டில் செயலியிலிருந்து புத்தகக் கடைக்குச் செல்லும் பொத்தானையே எடுத்துவிட நேர்ந்தது. படிக்கும் செயலி கையில் இருக்கும். ஆனால் படிக்க வேண்டிய நூலை அங்கு வாங்க இயலாது. எங்கே வாங்கலாம் என்றும் அச்செயலி சொல்லாது. அமெரிக்காவில் அப்பொத்தான் மீண்டும் தோன்றியது 2025 மே மாதத்தில், ஒரு நீதிபதியின் ஆணைக்குப் பின்னரே. பதினான்கு ஆண்டுகள் ஒரு புத்தகக் கடையின் வாயில் இவ்வாறு அடைபட்டிருந்தது.

இனி, அங்காடிக்காரர் பக்கத்து நியாயங்களையும் குறையாது எடுத்துக் கூறுதல் கடமை. அவர் கூறுவன நான்கு.

ஒன்று, பாதுகாப்பு. எவரும் எதனையும் புகுத்தலாம் என்றால் திருட்டுச் செயலிகள் பெருகும்; ஏழை எளியவர் வங்கிப் பணத்தை இழப்பர். இவ்வச்சம் வீண் அச்சமன்று. ஆயினும் காவல் வேறு, கல்லா வேறு. செயலியை ஆராய்ந்து உள்ளே விடுவதற்கும், அதனுள் நிகழும் ஒவ்வொரு விற்பனையிலும் பங்கு கொள்வதற்கும் என்ன தொடர்பு? மேலும், அக்காவல் பிழையற்றதும் அன்று. நம் நாட்டில் கடன் தருவதாகச் சொல்லி மக்களை வருத்திய செயலிகளுள் 2,200-க்கு மேற்பட்டவற்றைக் கூகுள் 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்டு வரையிலான காலத்தில் நீக்கியது. நீக்கியது நன்றே, ஆனால் அவை நீக்கப்படுவதற்கு முன் அதே வாயிலின் வழியாகத்தான் உள்ளே வந்தன.

இரண்டு, உழைப்பிற்கு ஊதியம். கருவிகளைச் செய்து, செயலிகளைச் சேமித்து, கோடிக்கணக்கானோர்க்கு வழங்குவதற்குச் செலவு ஆகின்றது. அச்செலவிற்கே தரகு என்பர். இக்கூற்றை ஓர் எளிய வினாவாற் சோதிக்கலாம். வாடகை வண்டி அழைக்கும் செயலியும் உணவு வரவழைக்கும் செயலியும் செருப்பு விற்கும் செயலியும் அதே அங்காடியில் இருக்கின்றன. அதே கருவிகளாற் செய்யப்பட்டன. அதே காவலைப் பெறுகின்றன. அவற்றின் விற்பனையில் அங்காடிக்காரர் ஒரு காசும் கேட்பதில்லை. செருப்பு விற்றால் தரகு இல்லை. செய்யுள் நூலை மின்வடிவில் விற்றால் தரகு உண்டு. தரகு செலவிற்கு ஈடாயின், செலவு செய்வித்த அனைவரும் கொடுக்க வேண்டும் அன்றோ? ஆகவே இது செலவை அளந்து வாங்கும் கூலி அன்று. கொடுக்காது தப்ப இயலாதவர் எவரோ அவரைப் பார்த்து வாங்குவது. வரியின் இலக்கணம் இதுவே.

மூன்று, வாங்குவோர் உரிமை. ஆப்பிளின் விதி பிடிக்காதவர் ஆண்ட்ராய்டு வாங்கலாமே என்பர். கைப்பேசி வாங்குவோர் ஒரு முறை பெருந்தொகை கொடுத்து வாங்குகின்றனர். பிறகு சில ஆண்டுகள் அதனோடே வாழ்கின்றனர். ஐம்பது ரூபாய்ச் சந்தாவில் பதினைந்து ரூபாய் தரகு என்பதற்காக ஒருவர் கைப்பேசியை மாற்றுவாரோ? அன்றியும், அவர் பணத்தில் இவ்வளவு தரகாகப் போகின்றது என்பதையே அவர்க்குத் தெரியவொட்டாமற் செய்வது மேலே சொன்ன மூன்றாம் விதி. அறியாதவனை நோக்கி, நீ அறிந்து தெரிந்துகொண்டாய் என்று சொல்லுதல் முறையன்று. செயலி செய்வோர்க்கோ தெரிந்துகொள்ளும் உரிமையே இல்லை. மக்கள் இரு கூட்டமாக இருக்கும்போது இரு கூட்டத்திற்கும் அவர் விற்றே தீர வேண்டும்.

நான்கு, குறைப்பு. இப்பொழுது பலர் 30 கொடுப்பதில்லை. சிறியவர்க்கு 15-தான் என்பர். மெய்யே. ஆண்டு வருவாய் பத்து இலட்சம் டாலருக்கு மேற்படாதார்க்கு ஆப்பிள் 2021 ஜனவரி முதல் 15 ஆக்கியது. கூகுள் அவ்வாண்டு ஜூலை முதல் ஒவ்வொருவர் வருவாயிலும் முதற் பத்து இலட்சம் டாலருக்கு 15 ஆக்கியது. ஆனால் காலத்தை நோக்குங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் பெரிதும் அசையாத எண் எப்பொழுது அசைந்தது? 2020 ஆகஸ்டில் வழக்குத் தொடுக்கப்பட்டு, பல நாட்டு அரசுகளும் விசாரணை தொடங்கிய பின்னர். போட்டியினால் விலை குறைவது சந்தையின் இயல்பு; வழக்கினால் மட்டும் விலை குறையுமாயின் அங்கே சந்தை இல்லை என்பதே பொருள்.

அவ்வழக்கின் வரலாறு அறியத்தக்கது. எபிக் கேம்ஸ் என்னும் நிறுவனம் ஃபோர்ட்நைட் என்னும் ஆட்டத்தை உடையது. 2020 ஆகஸ்டு 13-ஆம் நாள் அது தன் சொந்தப் பணவழியை ஆட்டத்திற்குள் வைத்தது. அன்றே இரு அங்காடிகளும் அவ்வாட்டத்தை நீக்கின. அன்றே எபிக் இருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. ஆப்பிள் மேலான வழக்கில் 2021 செப்டம்பர் 10 அன்று நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸ் தீர்ப்பளித்தார். பத்துக் குற்றச்சாட்டுகளுள் ஒன்பதில் ஆப்பிளே வென்றது. அது ஏகபோகம் உடையது என எபிக் நிறுவவில்லை என்றார் நீதிபதி. இதனை எம் கட்சியினர் மறந்துவிடுதல் ஆகாது. ஆயினும் அவர் தவறென்று கண்ட ஒன்று எது? வாய்திறவாமை விதியே. கலிபோர்னியாவின் சட்டப்படி அது நேர்மையற்ற போட்டி என்றார். வெளியே வாங்கும் வழியைச் சொல்ல விடுக என்று ஆணையிட்டார். மேல்நீதிமன்றமும் 2023-இல் இதனை உறுதிசெய்தது.

ஆப்பிள் என்ன செய்தது? 2024 ஜனவரியில் வெளிவழியைச் சொல்ல விட்டது. ஆனால் அவ்வழியிற் சென்று வாங்கினாலும் நூற்றுக்கு 27 எமக்குத் தருக என்றது. பணம் வாங்கும் வேறு நிறுவனத்திற்குக் கொடுக்கும் கூலியைச் சேர்த்தால் பழைய 30-க்கே வந்து நிற்கும். முகவரியை அச்சிடலாம், ஆனால் அம்முகவரிக்கு வருவோர் வாங்கும் நூலுக்கும் எமக்குக் கழிவு வேண்டும் என்று ஒரு கடைக்காரர் சொல்வதை ஒக்கும் இது. 2025 ஏப்ரல் 30 அன்று அந்நீதிபதியே, ஆப்பிள் தம் ஆணையை வேண்டுமென்றே மீறியது என்று கண்டு கடிந்து, அத்தரகை விலக்கினார். ஆப்பிள் அதன்மேலும் முறையீடு செய்தது.

கூகுளின் வழக்கு வேறுபட்டது. அதனைச் சான்றாளர் குழு ஒன்று கேட்டது; 2023 டிசம்பர் 11 அன்று கூகுள் சட்டத்திற்கு மாறான ஏகபோகம் நடத்தியது என ஒருமனதாகத் தீர்ப்புக் கூறியது. 2025 ஜூலையில் மேல்நீதிமன்றம் அதனை நிலைநிறுத்தியது. வாயிலை முற்றும் அடைத்தவன் ஒருவாறு தப்ப, சிறிது திறந்து வைத்தவன் அகப்பட்டான் என்று சிலர் வியந்தனர். ஒன்றை நீதிபதி தீர்த்தார், மற்றொன்றைக் குழுவினர் தீர்த்தனர், சான்றுகளும் வேறு. ஆதலின் இதில் வியப்பில்லை. ஏகபோகம் என்னும் சொல்லுக்குச் சட்டம் கொடுக்கும் பொருள் நுட்பமானது என்பதை மட்டும் இதிலிருந்து நாம் கொள்ளலாம்.

ஐரோப்பாவில் வழக்கு இசையைப் பற்றி எழுந்தது. ஸ்பாட்டிஃபை என்னும் நிறுவனம் இசைச் சந்தாவை 9.99-க்கு விற்றது, ஆப்பிளின் கல்லா வழியே வாங்குவோர்க்குத் தரகைச் சேர்த்து 12.99 கேட்டது. 2015-இல் ஆப்பிளே தன் இசைச் சந்தாவை 9.99-க்குத் தொடங்கியது. போட்டியாளன் தன் விலையில் பங்கு கொடுக்க வேண்டும். வாயிற்காவலன் தனக்குத் தான் கொடுப்பது எதுவும் இல்லை. 2019 மார்ச்சில் ஸ்பாட்டிஃபை முறையிட்டது. 2024 மார்ச் 4-ஆம் நாள் ஐரோப்பிய ஆணையம் ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கு மேல் தண்டம் விதித்தது. அம்மாதம் 7 முதல் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் என்பதன் கடமைகளும் நடைமுறைக்கு வந்தன. வேறு அங்காடிகளுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று அச்சட்டம் வற்புறுத்தியது. 2025 ஏப்ரலில் அச்சட்டத்தின் கீழ் 50 கோடி யூரோ தண்டம் ஆப்பிளுக்கு விதிக்கப்பட்டது. அதற்கும் காரணம் வெளிவழியைச் சொல்லவிடாமையே. தென்கொரியா 2021 ஆகஸ்டிலேயே சட்டம் இயற்றி வேறு பணவழிகளைத் திறக்கச் செய்தது; அங்கும் நிறுவனங்கள் பணவழியை விட்டுக்கொடுத்து 26 என்னும் தரகைப் பிடித்துக்கொண்டன. பெயர் மாறினும் பொருள் மாறாமை எங்கும் ஒன்றே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் திறன்பேசி உடையாருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் ஆண்ட்ராய்டே வழங்குகின்றனர். ஆதலின் நமக்குக் கூகுளின் விதியே விதி. 2022 அக்டோபர் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் பிளே ஸ்டோர் விதிகளுக்காகக் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. பிற செயலிகளைத் தன் கல்லாவிற்குக் கட்டுப்படுத்திய கூகுள், தன்னுடைய யூடியூபை அதே கட்டுப்பாட்டிற்கு உட்படுத்தவில்லை என்பது ஆணையம் கண்ட குறைகளுள் ஒன்று. 2025 மார்ச்சில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் தவறு நிகழ்ந்தது என்பதைப் பகுதியளவில் ஏற்று, தண்டத்தை 216.69 கோடியாகக் குறைத்தது. வழக்குப் பின்னர் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

நம் நாட்டில் இவ்வழக்கிற்குத் தனியே ஒரு கூர்மை உண்டு. யுபிஐ என்னும் முறையாற் கடைவீதியில் இளநீர் விற்பவர்க்கும் நாம் கைப்பேசியாற் பணம் கொடுக்கின்றோம். 2020 ஜனவரி முதல் அவ்வாறு பெறும் வணிகர்க்குக் கட்டணம் இல்லை என்பது அரசினர் விதி. பணத்தை ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாற்றுவது இவ்வளவு எளிதாகிவிட்ட நாட்டிலே, ஒரு செயலிக்குள் பணம் மாறுவதற்கு மட்டும் 15-உம் 30-உம் எதற்கு என்னும் வினா சிறு வணிகர்க்கும் விளங்கும். வேறு பணவழியையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று கூகுள் இசைந்தபோதும், அவ்வழியிற் செலுத்துவார்க்கு 4 மட்டுமே தள்ளிக் கொடுத்தது; 30 என்பது 26 ஆயிற்று; 15 என்பது 11 ஆயிற்று.

சென்னையிலும் இவ்வழக்கு நடந்தது. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் சென்னை நிறுவனம் உட்படப் பல நிறுவனங்கள் கூகுளின் தரகை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தன. இவ்விவகாரம் போட்டி ஆணையத்திற்கு உரியது என்று கூறி நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் அவ்வழக்குகளைத் தள்ளியது. 2024 ஜனவரியில் மேன்முறையீடும் தள்ளப்பட்டது. 2024 மார்ச் 1-ஆம் நாள், தரகு செலுத்தாதவை என்று கூறி, அந்நிறுவனம் முதலிய சில இந்திய நிறுவனங்களின் பல செயலிகளைக் கூகுள் அங்காடியிலிருந்து நீக்கியது. மத்திய அமைச்சர் தலையிட்ட பின், சில நாளில் அவை மீண்டும் இடம்பெற்றன.

இந்நிகழ்ச்சியிற் கூகுள் சட்டத்தை மீறியதோ இல்லையோ என்பதனைத் தீர்ப்பது எம் வேலையன்று. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்பது அதன் கூற்று. யாம் காட்ட விரும்புவது வேறு. பல்லாண்டு நடந்த ஒரு தொழில், நூற்றுக்கணக்கானோர்க்கு ஊதியம் கொடுக்கும் ஒரு தொழில், ஒரு வெள்ளிக்கிழமையிற் கைப்பேசிகளிலிருந்து மறையலாம். அடுத்த வாரம் மீளலாம். மறைந்ததும் மீண்டதும் ஒரு தனியார் முடிவால். அமைச்சரை அணுகவல்ல பெரிய நிறுவனம் மீண்டது. நம் விடுதி அறையில் இருவர் மூவராய்ச் சேர்ந்து ஒரு செயலி செய்து விற்கும் மாணவர்க்கு அந்நிலை நேர்ந்தால் அவர் எந்த அமைச்சரை அணுகுவார்? வரி விதிக்கும் ஆற்றலும், நாடு கடத்தும் ஆற்றலும், அதே தெருவில் தானும் கடை வைக்கும் உரிமையும் ஒருவன் கையிலேயே இருத்தல், அவன் எவ்வளவு நல்லவனாயினும், நன்றன்று.

ஆயின் செய்யத்தக்கது யாது? தரகை முற்றும் ஒழிக்க வேண்டும் என்று யாம் கூறவில்லை. அரசினர் ஓர் எண்ணை எழுதி இதுவே தரகு என்று விதிக்க வேண்டும் என்றும் கூறவில்லை. அவ்வாறு விதித்த எண்ணும் நாளடைவில் பொருந்தாததாய்விடும். வரியாய் நிற்பதை மீண்டும் விலையாக ஆக்குவதே வழி. அதற்கு நான்கு வேண்டும் என்பது எம் துணிபு.

முதலாவது, வாய்திறக்கும் உரிமை. வேறிடத்து விலையைச் சொல்லுதல் எந்நாட்டிலும் எவ்வங்காடியிலும் தடுக்கப்படலாகாது. அங்ஙனம் சொல்லி வெளியே நடக்கும் விற்பனையில் அங்காடிக்காரர்க்குப் பங்கு ஆகாது. இரண்டாவது, கூலி செய்த வேலைக்கே. செயலியைச் சேமித்தற்கும் ஆராய்தற்கும் வழங்குதற்கும் ஆகும் கூலியைத் தனித்தனியே சொல்லி, செருப்பு விற்பார் நூல் விற்பார் என்னும் வேறுபாடின்றி அனைவரிடமும் வாங்கட்டும். தம் செயலிக்கும் அதே கணக்கை எழுதட்டும். மூன்றாவது, பல வாயில்கள். காவல் விதிகளை வெளிப்படையாக வகுத்து, அவற்றைக் கைக்கொள்ளும் எந்த அங்காடிக்கும் கைப்பேசியில் இடம் கொடுக்க வேண்டும். நான்காவது, நீக்குமுன் கேட்டல். ஒரு செயலியை நீக்குவதற்கு முன் காரணம் எழுதிக் கொடுத்து, விடை பெற்று, நிறுவனத்தைச் சாராத ஒருவரிடம் முறையிட இடம் தருதல் வேண்டும். தீங்கு செய்யும் செயலியை உடனே நிறுத்துவதற்கு இது தடையன்று. தரகுச் சண்டையை நீக்கத்தால் தீர்ப்பதற்கே தடை.

நம் அரசினர் அமைத்த குழு ஒன்று 2024 மார்ச்சில், குற்றம் நிகழ்ந்த பின் ஆண்டுக்கணக்கில் ஆராய்வதோடு அமையாது, பெருநிறுவனங்களுக்கு முன்கூட்டியே கடமைகளை வகுக்கும் ஒரு சட்ட வரைவை அறிக்கையோடு வெளியிட்டது. அதன் ஒவ்வொரு விதியும் சரியென்று யாம் சொல்ல வரவில்லை. ஆயினும், எபிக் வழக்குத் தொடங்கிய நாளிற் பள்ளியிற் படித்துக்கொண்டிருந்த நாங்கள் இன்று பட்டப்படிப்பில் இருக்கின்றோம். அவ்வழக்கோ முடிந்தும் முடியாமலும் நீள்கின்றது. இவ்வளவு காலம் காத்திருக்கும் பொருள் பெருநிறுவனத்திற்கு உண்டு; சிறியவனுக்கு இல்லை. ஆதலின் முன்கூட்டி விதி வகுத்தலே தக்கது.

மாணவ நண்பர்களே! இது பெருஞ்செல்வர் இருவர் தம்முள் செய்யும் சண்டை, நமக்கென்ன என்று இருத்தல் வேண்டா. எபிக்கும் சிறியதன்று, ஸ்பாட்டிஃபையும் ஏழையன்று என்பது உண்மையே. யானைகள் பொருதாலும் மிதிபடுவது புல்லே. அடுத்த முறை ஒரு செயலிக்குள் ஏதேனும் வாங்குவதற்கு முன், அதே பொருளைச் செய்தவர் தம் தளத்தில் என்ன விலைக்கு விற்கின்றார் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். கணினித்துறை நண்பர்கள் அங்காடி ஒப்பந்தத்தைப் படியாமல் ஒப்புக்கொள்ளும் வழக்கத்தை விடுங்கள். சட்டம் பயில விரும்பும் பழைய மாணவர்களும் இளைய மாணவர்களும் போட்டிச் சட்டத்தைக் கற்க முற்படுங்கள். நம் நாட்டில் அதனைக் கற்றவர் இன்னும் பலர் வேண்டும்.

சந்தைக்கு வாயில் வேண்டும். வாயிலுக்குக் காவலும் வேண்டும். காவலனுக்குக் கூலியும் கொடுப்போம். ஆனால் ஊருக்கு வேறு வழி உண்டு என்று ஒருவன் சொல்வதைக் குற்றமென்று காவலன் விதித்தால், அவன் கேட்பது கூலியன்று. அதனை அதன் உண்மைப் பெயரால் வழங்குதலே நாம் செய்ய வேண்டிய முதற்காரியம்.